சில மணி நேரமே வாழும் ரொட்டி

போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் இறங்கி நடக்க ஆரம்பித்தால், கோட்டைக்கும் தேவாலயத்துக்கும் முன்னால் கண்ணில் படுவது ஒரு சிறு வண்டிதான். சுற்றிலும் கண்ணாடி, அடியில் சக்கரம், உள்ளே வளையம் வளையமாக அடுக்கிய ரொட்டி. பக்கத்தில் கம்பளித் தொப்பியைக் காது மறையும்வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருவர் நிற்பார். பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்த பெண்மணி. அந்த ரொட்டிக்கு ஒப்வஜானெக் என்று பெயர். நான் போனது பிப்ரவரியில். நண்பகலில்கூடக் குட்டைகளில் பனிக்கட்டி உருகாத காலம். ஊர் பார்க்கவும் வயிறாரச் சாப்பிடவும் போன பயணம் அது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வண்டியும், அது நிரம்புவதற்காக இரவெல்லாம் நடக்கிற வேலையும்தான்.

கிராக்கோவில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை பார்க்கும் மதுரைக்காரத் தம்பி ஒருவர் எனக்குத் துணையாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தார். அவர் குடியிருக்கும் தெருவிலேயே பழைய பேக்கரி ஒன்று உண்டு. உரிமையாளரிடம் பேசி அனுமதி வாங்கியிருந்தார். "அக்கா, ராத்திரி ஒரு மணிக்கு வரச் சொல்றாங்க. பகல்ல போனா அங்க பார்க்க ஒண்ணும் இருக்காதாம்" என்றார். போனோம். தெருவில் மூச்சு வெண்புகையாகப் போகிறது. கதவைத் திறந்து உள்ளே காலெடுத்து வைத்ததும் கண்ணாடியில் ஆவி படிந்து எதுவும் தெரியவில்லை. மாவு புளித்த வாசமும் வெந்நீர் ஆவியும்தான் முதலில் வந்தன. கண்ணாடியைத் துடைத்த பிறகுதான் ஆட்கள் தெரிந்தார்கள்: நீண்ட மர மேசையைச் சுற்றி மூன்று ஆண்கள், கொதிக்கும் நீர்த்தொட்டியின் அருகே ஒரு பெண்.

மாவு பிசைவது மட்டும் இயந்திரம். கோதுமை மாவு, கொஞ்சம் கொழுப்பு, சர்க்கரை, உப்பு, ஈஸ்ட், தண்ணீர். மற்ற ரொட்டிகளுக்குப் பிசைவதைவிட மாவு நன்றாகக் கெட்டியாக இருக்கிறது. அதை விரல் கனத்துக் கயிறாக உருட்டுகிறார்கள். இந்தக் கயிற்றுக்கு அவர்கள் சொல்லும் பெயர் சுல்கா. இரண்டு சுல்காவைச் சேர்த்து எடுத்து, ஒரு கையை முன்னும் மறு கையைப் பின்னும் தள்ளினால் இரண்டும் பின்னிக்கொள்கின்றன. அதை உள்ளங்கையைச் சுற்றி வளைத்து, இரு நுனிகளும் சேரும் இடத்தை மேசையில் ஒரு அழுத்து அழுத்தி உருட்டினால் வளையம் தயார். கைமுறுக்கு சுற்றும் பெண்களின் விரல்களைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அந்த வேகம் உடனே பிடிபட்டது. கண் வேறெங்கோ இருக்க, வேலை விரலில் ஓடிக்கொண்டிருந்தது.

மூத்தவருக்கு முப்பது வருடத்துக்கு மேல் அனுபவம். மாவைக் கண் மதிப்பில் வெட்டிப் போட்டுக்கொண்டே இருந்தார். நான் கேட்டதற்காக, சுட்டு எடுத்த வளையத்தில் ஒன்றைத் தராசில் வைத்துக் காட்டினார். நூறு கிராமுக்குச் சற்றுக் குறைவு. விதிப்படி ஓர் ஒப்வஜானெக் 80 முதல் 120 கிராம் எடையும், 12 முதல் 17 சென்டிமீட்டர் விட்டமும் இருக்க வேண்டும். இந்த இடைவெளி கையால் முறுக்குவதற்காகவே விடப்பட்டது. ஒன்று சற்றே முட்டை வடிவம், இன்னொன்று தடிப்பு, மற்றொன்றில் முறுக்கு நெருக்கம். எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்றார் அவர்.

சிறிது நேரம் மாவு பொங்க விட்ட பிறகு வளையங்கள் வெந்நீர்த் தொட்டிக்குப் போகின்றன. நீரின் சூடு 90 பாகைக்குக் குறையக் கூடாது. போட்டதும் அடியில் போய், சில நொடிகளில் மேலே மிதந்து வரும். மிதந்தவுடன் கரண்டியால் அள்ளி எடுக்கிறார் அந்தப் பெண். இந்த ஒரு படிதான் ஒப்வஜானெக்கைப் பெரும்பாலான ரொட்டிகளிலிருந்து பிரிக்கிறது. வெந்நீர் பட்டதும் மாவின் மேற்பரப்பிலுள்ள மாச்சத்து பசையாகி வளையத்தைப் போர்த்திக்கொள்கிறது. அதனால் அடுப்பில் வைத்த பிறகு ரொட்டி கட்டுமீறி உப்பாது. வெளியே மினுமினுப்பான மெல்லிய ஓடு, உள்ளே இழுத்து மெல்ல வேண்டிய வெண்மையான சதை என்று அமைகிறது. அதிக நேரம் கிடந்தால் தோல் சுருங்கிவிடும். மிதக்காமல் அடியிலேயே கிடந்தால் மாவு போதிய அளவு பொங்கவில்லை என்று அர்த்தம். அவர் கடிகாரத்தையே பார்க்கவில்லை. தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆவியில் மணிக்கணக்காக நிற்பவரின் முகம் சிவந்து கிடந்தது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் முதுகில் குளிர்காற்று அடித்தது. முன்னால் கொதிநீர், பின்னால் பனிக்காற்று. இந்த வேலையின் கஷ்டம் எனக்கு அங்கேதான் உறைத்தது.

ஈரம் காயும் முன்பே உப்போ கசகசாவோ எள்ளோ மேலே ஒட்டி அடுப்புக்குள் தள்ளுகிறார்கள். முதல் ஈடு வெளியே வந்ததும் மூத்தவர் ஒன்றை இரண்டாகப் பிய்த்துக் கொடுத்தார். பேச்சே வரவில்லை, அவ்வளவு ருசி.

இந்த ரொட்டிக்குக் கிராக்கோவில் அறுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று உண்டு. 1394-ஆம் ஆண்டு அரண்மனைக் கணக்கில், ராணி யாத்விகாவுக்காக வாங்கிய வளைய ரொட்டிக்குச் செலவு எழுதியிருக்கிறது. 1496-இல் மன்னர் யான் ஓல்பிராக்ட், வெள்ளை ரொட்டிகளையும் ஒப்வஜானெக்கையும் சுடும் உரிமையை நகரத்து ரொட்டிக்காரர் சங்கத்துக்கே தனியாக வழங்கினார். அந்தக் காலத்தில் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் உண்ணும் பண்டமாகத்தான் இது இருந்தது. யார் சுடலாம் என்பதையும் சங்கமே தீர்மானித்தது. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. கிராக்கோவ் நகரிலும் அதை ஒட்டிய கிராக்கோவ், வியெலிச்கா மாவட்டங்களிலும் சுட்டால் மட்டுமே 'கிராக்கோவ் ஒப்வஜானெக்' என்ற பெயரில் விற்கலாம். பெயருக்கும் ஊருக்கும் கிடைத்த பாதுகாப்பு இது, நல்ல விஷயம்தான். இரவில் விழித்திருக்கும் கைகளுக்கு என்ன பாதுகாப்பு என்று மூத்தவரிடம் கேட்டேன். "இளைஞர்கள் வருகிறார்கள், ஒரு குளிர்காலம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்" என்றார். அவருடைய மகனும் வேறு வேலையில்தான் இருக்கிறார். பெயருக்குக் காவல் போட்ட சட்டத்தால் வாரிசைக் கொண்டுவர முடியவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது.

விடியும் முன் வண்டிக்காரர்களுக்கான பெட்டிகள் கிளம்பின. காலையில் பழைய நகருக்குப் போனோம். நகரின் மையமான பெரிய சதுக்கம் பக்கத்துக்கு ஏறக்குறைய 200 மீட்டர். நடுவில் சுக்கென்னிட்சே என்ற பழைய துணிச் சந்தை மண்டபம், ஒரு மூலையில் உயரம் வேறுபட்ட இரட்டைக் கோபுரங்களோடு புனித மரியா தேவாலயம். உயரமான கோபுரத்திலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஓர் ஊதுகொம்புப் பாட்டு, நான்கு திசைக்கும் நான்கு முறை. ஊதுகிறவர்கள் நகரத் தீயணைப்புப் படையினர். பாட்டு நடுவில் சட்டென்று அறுந்துவிடும். தாத்தாரியர் படையெடுப்பைக் கண்டு எச்சரித்த காவலனின் தொண்டையில் அம்பு தைத்த இடம் அது என்று கதை சொல்கிறார்கள்.

அந்தக் கோபுரத்துக்குக் கீழே ஒரு வண்டி. தம்பி "பானி" என்று மரியாதையோடு அழைத்துப் பேச்சுக் கொடுக்க, அம்மையார் முதலில் தயங்கி, பிறகு மனம்விட்டுப் பேசினார். ஓய்வூதியம் போதவில்லை, அதனால் நிற்கிறார். காலை ஆறு மணிக்கு வந்துவிட வேண்டும். காலுக்கு அடியில் தடித்த அட்டையை விரித்து அதன்மேல் நிற்கிறார். கல்லில் நேராக நின்றால் குளிர் எலும்புக்கு ஏறிவிடுமாம். விரல் நுனி திறந்த கையுறை. சில்லறை எண்ண வேண்டுமே. இரண்டு கால்சட்டை, ஒரு பிளாஸ்க் தேநீர். "பனி விழுந்தால் தாங்கலாம், காற்றுதான் தாங்காது" என்றார். மாணவர்கள் எள் வாங்குவார்கள், வயதானவர்கள் உப்பு, குழந்தைகள் பாலாடைக்கட்டி தூவியது. கேட்காமலேயே அவர் வாடிக்கையாளரின் கை போகும் பக்கத்தைத் தெரிந்து வைத்திருக்கிறார். சூடான வளையத்தைத் தாளில் சுற்றிக் கொடுக்கும்போது மட்டும் அவர் விரல்களுக்கும் கொஞ்சம் வெப்பம் கிடைக்கிறது.

அவர் சொன்ன இன்னொன்று என் மனதில் தங்கியது. முன்பெல்லாம் குளிர்காலத்தில் நிலக்கரிப் புகை தெருவில் நிற்கும். மாலையில் தொண்டை எரியும். 2019 செப்டம்பர் முதல் கிராக்கோவில் நிலக்கரியும் விறகும் எரித்து வீடு சூடாக்குவதற்குத் தடை வந்தது. அதன் பிறகு இருமல் குறைந்திருக்கிறதாம். சுற்றுவட்டார ஊர்களின் புகை இன்னும் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வந்து தேங்கும் நாட்கள் உண்டு. காற்றுத் தரத்தைப் பற்றி ஆயிரம் அறிக்கைகள் வரலாம். நாள் முழுக்கத் தெருவில் நிற்பவரின் தொண்டை சொல்வதை நான் அதிகம் நம்புகிறேன்.

மற்ற சாப்பாட்டையும் விடவில்லை. பழைய கிளெபாஷ் சந்தையில் புகையூட்டிய மலைப் பாலாடைக்கட்டியைச் சுட்டு, புளிப்பான சிவப்புப் பழ ஜாமோடு கொடுத்தார்கள். தத்ரா மலை மேய்ப்பர்களின் ஒஸ்சிபெக் என்ற கட்டி, செம்மறி ஆட்டுப்பால் கிடைக்கும் மே முதல் செப்டம்பர் வரைதான் செய்யப்படுகிறது. பிப்ரவரியில் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் பசும்பாலில் செய்த வேறு வகை. அந்த விற்பனையாளர் கேட்டதும் மறைக்காமல் சொன்னார். அவர் நேர்மைக்காகவே கூட ஒன்று வாங்கினேன். பால் உணவகம் என்று அழைக்கப்படும் மலிவு விலைக் கடையில், புளித்த ரை மாவுச் சூப்பும், உருளைக்கிழங்கும் தயிர்க்கட்டியும் அடைத்த பியெரோகி என்ற கொழுக்கட்டையும் சாப்பிட்டோம். பனியில் நடந்து வந்த உடம்புக்கு அந்தப் புளிச் சூப் மருந்து. ஒரு நாள் வியெலிச்கா உப்புச் சுரங்கத்துக்குள்ளும் இறங்கினோம். ஒரு காலத்தில் அரசுக் கருவூலத்துக்கே படியளந்த சுரங்கம். 1996-இல் உப்பு வெட்டுவது நின்றுவிட்டது. இப்போது பெரும்பாலும் பார்வையாளர்களே அதன் வருமானம்.

பழைய யூதக் குடியிருப்பான காசிமியெஷ் பகுதி தனியாகச் சொல்லப்பட வேண்டியது. அங்கே புதிய சதுக்கத்தின் நடுவில் 1900-இல் கட்டிய வட்டக் கட்டடம் நிற்கிறது. அதன் ஜன்னல்களில் இன்று காளானும் பாலாடைக்கட்டியும் பரப்பிச் சுட்ட நீள ரொட்டி விற்கிறார்கள். இளைஞர் கூட்டம் இரவு வெகுநேரம் வரை நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அதே கட்டடத்தில் யூதர்கள் தங்கள் சமய முறைப்படி கோழி அறுத்தார்கள். உலகமெங்கும் பரவிய பேகல் என்ற வளைய ரொட்டி, 1610-ஆம் ஆண்டு கிராக்கோவ் யூதச் சமூகத்தின் விதிகளில் குறிப்பிடப்பட்டிருக்கிறது. அதுவும் வெந்நீரில் முக்கிச் சுடுவதுதான். ஒப்வஜானெக்குக்கு நெருங்கிய உறவு. போருக்கு முன் இந்த நகரில் ஏறக்குறைய 60,000 யூதர்கள் வாழ்ந்தார்கள். 1943 மார்ச்சில் ஆற்றுக்கு அக்கரையில் யூதர்களை அடைத்து வைத்திருந்த குடியிருப்பை நாஜிகள் அழித்தார்கள். அந்த மக்களில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். ரொட்டி சுட்டவர்கள், வாங்கியவர்கள், கூடையில் சுமந்து விற்றவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். ஒரு கைத்தொழில் சாவதற்கு இயந்திரம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மனிதர்களைக் கொன்றாலும் தொழில் செத்துவிடும். இன்று காசிமியெஷ் கடைகளில் கிடைக்கும் பேகல், அமெரிக்கா போய்த் திரும்பி வந்த வடிவம்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு, கிளெபாஷ் சந்தைக்கு அருகே ஒப்வஜானெக்குக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மாவை நாமே முறுக்கிச் சுட்டு எடுத்து வரலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் தவறவிடக் கூடாது.

ஒப்வஜானெக் காலையில் இருந்த மாதிரி மாலையில் இருக்காது. ஓடு மென்மை இழந்து, சதை கெட்டிப்பட்டு, மறுநாள் பல்லுக்கு எதிரியாகிவிடும். ஆகவே கிராக்கோவ் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: நண்பகலுக்கு முன் வாங்குங்கள், வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று சாப்பிடுங்கள், ஊருக்குக் கொண்டுபோகப் பெட்டியில் அடுக்காதீர்கள். பெரிய நோட்டை நீட்டாமல் சில்லறையாகக் கொடுங்கள்; கையுறை விரலால் மீதி எண்ணித் தருவது அந்தக் குளிரில் சிரமம். கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் அந்த அம்மையாரின் முகத்தைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லுங்கள்.