ரசீதில் ஒரு நோயாளி

'என்கவுன்ட்டர்' என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் யாரிடம் சொன்னாலும் போலீசும் துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். அமெரிக்க மருத்துவ நிர்வாகத்தின் மொழியிலோ, நோயாளியும் மருத்துவரும் எதிரெதிரே அமரும் ஒவ்வொரு சந்திப்புக்கும் அதுவே பெயர். அங்கே முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டைத் தனியார் நிறுவனங்கள் வழியாகப் பெறுவோர் பலர். அந்த நிறுவனங்களுக்கு அரசு சிகிச்சைவாரியாகப் பணம் தருவதில்லை. தலைக்கு இவ்வளவு என்று மாதந்தோறும் தருகிறது. நோய் மிகுந்தவருக்குத் தொகையும் மிகும். எனவே, யாருக்கு என்ன நோய், என்ன செய்தார்கள் என்று அறிந்துகொள்ள, 2012 முதல் ஒவ்வொரு சந்திப்பின் விவரத்தையும் அரசு அந்த நிறுவனங்களிடமிருந்து கேட்டு வாங்குகிறது.

நம்முடைய ஏற்பாடு வேறு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் அதனுடன் இணைந்தது. இங்கே ஒவ்வொரு அறுவைக்கும் சிகிச்சைக்கும் முன்கூட்டியே ஒரு விலை உண்டு. மருத்துவமனை முன்அனுமதி கேட்கும். பரிசோதனை முடிவுகளையும் நோயாளியின் புகைப்படத்தையும் கணினியில் ஏற்றும். வீட்டுக்கு அனுப்பியபின் பணம் கேட்கும். அமெரிக்காவின் கவலை, பேனா நோயைப் பெருக்கிவிடக் கூடாது என்பது. நம் கவலை, கத்தி அறுவையைப் பெருக்கிவிடக் கூடாது என்பது.

அது வீண் கவலையும் அன்று. 2012இல் பீகாரின் சமஸ்திபூர் மாவட்டத்தில், ஏழைகளுக்கான அன்றைய தேசியக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் நடந்த கருப்பை நீக்கங்கள் வெளிச்சத்துக்கு வந்தன. தேவையின்றி அறுக்கப்பட்டவர்களில் இளம்பெண்களும் இருந்தார்கள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு மருத்துவரின் முடிவு. ஒன்றாக அடுக்கிப் பார்த்தால்தான் அது ஒரு வியாபாரம் என்று தெரியும். அரசு இத்தகைய விவரங்களைத் திரட்டவே கூடாது என்று சொல்பவர்களோடு எங்களால் ஒத்துப்போக முடியாததற்கு அந்தப் பெண்களே காரணம்.

ஆனால் திரட்டப்படுவது எது என்பதுதான் கேள்வி. திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளைச் சொல்கிறது: நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பார்ப்பவன். பணம் தருபவன் என்ற ஐந்தாம் ஆள் வள்ளுவர் கணக்கில் இல்லை. இன்றைய காப்பீட்டுப் பதிவோ அந்த ஐந்தாம் ஆளுக்காகவே எழுதப்படுகிறது. அவன் பணம் தராத எதுவும் அதில் ஏறாது. சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் மாலை ஆறு மணிக்குத் திறக்கும் சிறு கிளினிக்குகளில் நாற்பது பேர் வரிசையில் அமர்ந்து, ஆளுக்கொரு துண்டுச்சீட்டுடன் திரும்புகிறார்களே, அந்தச் சந்திப்புகள் எந்தக் காப்பீட்டுக் கணக்கிலும் இல்லை. சர்க்கரை நோயோடு ஒருவர் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தது பதிவில் இராது. இதயக் குழாய் அடைத்த நாளில்தான் அவர் பிறக்கிறார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வீட்டு வாசலிலேயே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக் குறித்துக்கொள்வதால், இந்த இடைவெளி ஓரளவு நிரம்பியிருக்கிறது.

எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவருக்கு 2013இல் காப்பீட்டின் உதவியால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். எங்களுக்கு ஒரு காசு செலவில்லை. அந்த நன்றி இன்றும் உண்டு. வீட்டில் ஒரு மஞ்சள் பை இருந்தது. ஆஞ்சியோகிராம் குறுந்தகடு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டுகள் எல்லாம் அதற்குள்தான். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் புகுந்தபோது, எங்கள் வீட்டின் தரைத்தளமும் மூழ்கியது. பையைக் கண்டெடுத்தோம். காகிதம் கூழாகியிருந்தது.

அடுத்த ஆண்டு அவருக்கு மீண்டும் நெஞ்சுவலி. வேறு மருத்துவமனை, வேறு மருத்துவர். எந்தக் குழாயில் வைத்தார்கள், எந்த வகை, என்ன அளவு என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. முதல் மருத்துவமனையில் விசாரித்தால் பழைய கோப்பு கிடைக்கவில்லை என்றார்கள். ஆனால் பணம் பெறுவதற்காக அன்றே ஏற்றப்பட்ட படங்களும் அறிக்கைகளும் ஏதோ ஒரு கணினியில் நனையாமல்தான் இருந்திருக்கும். அது கணக்குப் பார்ப்பவர்களுக்கான கதவு. நோயாளிக்கோ அவரைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவருக்கோ அதில் வழியில்லை. மறுபடி ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். பெரியவர் பிழைத்தார். பிழைக்காமல் போயிருந்தாலும் பதிவில் குறை ஏதும் தெரிந்திருக்காது.

அப்படியானால் எல்லாக் கதவுகளையும் திறந்துவிடலாமா? தாம்பரத்துக்காரர்கள் அவ்வளவு எளிதில் ஆம் என்று சொல்ல மாட்டார்கள். டாக்டர் சவுரிமுத்து 1928இல் நிறுவிய காசநோய் மருத்துவமனையால் ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் வந்தது. அங்கே இறங்குவதை யாரேனும் தெரிந்தவர் பார்த்துவிட்டால் பெண்ணுக்கு வரன் தட்டிப்போகும் என்று அஞ்சிய காலம் உண்டு. கணினி வருவதற்கு முன்பே கசிந்த தரவு அது. பின்னாளில் அதே மருத்துவமனை எச்.ஐ.வி. நோயாளிகளின் புகலிடமாயிற்று, 2004இல் அரசு இலவசக் கூட்டுமருந்து தரத் தொடங்கிய முதல் மையங்களில் அதுவும் ஒன்று. பெயர் வெளியே போகாது என்ற நம்பிக்கை இல்லையென்றால் அங்கே பாதிப்பேர் மருந்துக்கே வந்திருக்க மாட்டார்கள். எச்.ஐ.வி. விவரங்களைக் காப்பது 2017ஆம் ஆண்டின் சட்டத்தில்தான் கடமையானது.

திரட்டியவற்றின் தரமும் பேசத்தக்கதே. ஆயுஷ்மான் பாரத் பற்றிய மத்தியத் தணிக்கைத் துறையின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, பத்து ஒன்பதுகளாலான ஒரே கைப்பேசி எண்ணின் கீழ் ஏறத்தாழ ஏழரை லட்சம் பயனாளிகள் இருந்ததைக் காட்டியது. அந்த எண்ணை வைத்து யாரையும் சரிபார்ப்பதில்லை என்று அரசு விளக்கம் தந்தது. இருக்கலாம். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று நோயாளியே பார்க்க முடிந்தால், இந்த ஒன்பதுகளை முதலில் அடித்துத் திருத்துபவர் அவராகத்தான் இருப்பார்.

2021இல் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்ட எண்ம மருத்துவ இயக்கம், பதினான்கு இலக்க எண் ஒன்றைத் தந்து, நம் இசைவோடு நம் பதிவுகளை இணைத்துக்கொள்ள வழிசெய்கிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம்மைப் பற்றிய தரவின் சுருக்கத்தைக் கேட்கும் உரிமையைச் சொல்கிறது. ஆனால் அந்த உரிமை நாம் இசைந்து கொடுத்த தரவுக்குத்தான். நலத்திட்டங்களுக்காக அரசு கையாளும் தரவுக்கு அதே சட்டம் தனி வாசல் வைத்திருக்கிறது. ஏழையின் நோய்விவரம் பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறது.

நாங்கள் கேட்பது பெரிய காரியமன்று. பணம் கேட்டு அனுப்பும் ஒவ்வொரு பதிவின் படியும் நோயாளியின் கைக்கும் வரவேண்டும், தமிழில் ஒரு பக்கச் சுருக்கத்தோடு. வேறொரு மருத்துவர் அதைப் பார்க்கவேண்டுமானால் நோயாளி தலையசைத்தால் போதுமானதாகவும், அவர் தலையசைக்காமல் எவரும் பார்க்க முடியாததாகவும் அது இருக்கவேண்டும். உடம்பு அவருடையது, அதைப் பற்றி எழுதியதில் அவருக்கும் ஒரு படி உண்டு. இதற்குப் புதிய இயந்திரம் ஏதும் தேவையில்லை. தாள்கள் ஏற்கெனவே மேலே போய்க்கொண்டுதான் இருக்கின்றன; அவை கீழேயும் இறங்கிவர வேண்டும், அவ்வளவுதான்.