மாமா வேலை பாத்த இடமும் நான் தேய்க்கிற லிஸ்டும்

ஊருக்குப் போனா "என்ன வேலை பாக்க மக்கா?" என்று யாராவது கேட்பார்கள். "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லி நழுவி விடுவது என் வழக்கம். இன்னைக்கு கொஞ்சம் விளக்கமாவே சொல்லிடறேன், ஏன்னா விஷயம் அதுலதான் இருக்கு.

ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளுக்கு ஒரு மென்பொருள் எழுதுகிறோம். பம்ப், சென்சார், சிப் என்று எதையாவது ஒருத்தர் ஆர்டர் செய்தால், அவர் பேர் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று அது பார்க்கும். இருந்தால் பார்சல் கிளம்பாது. பகை நாடு ஏவுகணையும் ட்ரோனும் செய்வதற்கு நம்ம சாமான் போய்ச் சேரக்கூடாது, அவ்வளவுதான்.

போன மாசம் சோதனைக்காக 2010-ம் வருஷத்து அமெரிக்கப் பட்டியலை ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்தேன். சீனா வந்தது, பாகிஸ்தான் வந்தது. நடுவில் இந்தியா. அதில் ஒரு வரி: லிக்விட் புரொபல்ஷன் சிஸ்டம்ஸ் சென்டர்.

தூக்கி வாரிப்போட்டது. எங்க மாமா வேலை பாத்த இடம்ங்க அது!

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி பஸ் ஏறினால் தோவாளை பூ வாசம், அப்புறம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள். இடது பக்கம் ஜன்னல் சீட் கிடைத்தால் மகேந்திரகிரி தெரியும். அனுமார் இலங்கைக்குத் தாவினது இங்கிருந்துதான் என்று ஆச்சி சொல்லுவா. அடிவாரத்தில் இஸ்ரோவின் எஞ்சின் சோதனைக் கூடம். இடம் திருநெல்வேலி மாவட்டம்தான், ஆனா எங்க பக்கத்து ஆட்கள் நிறைய பேருக்கு அங்கேதான் வேலை. மாமா அங்கே டெக்னீஷியன். வீட்டில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்.

நான் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை இது. 1991-ல் சோவியத் யூனியனின் கிளாவ்காஸ்மாஸுடன் இஸ்ரோ ஒப்பந்தம் போட்டது. கிரையோஜெனிக் எஞ்சினும் வரும், அதைச் செய்யும் தொழில்நுட்பமும் வரும் என்று பேச்சு. 1992 மே மாதம் அமெரிக்கா ரெண்டு அமைப்புகள் மேலேயும் ரெண்டு வருஷத் தடை போட்டது. ஏவுகணைத் தொழில்நுட்பம் பரவாமல் தடுக்க ஏழு நாடுகள் 1987-ல் போட்டுக்கொண்ட எம்.டி.சி.ஆர். ஏற்பாட்டை இது மீறுகிறதாம். 1993-ல் ரஷ்யா பின்வாங்கியது. கடைசியில் கிடைத்தது செய்து முடித்த ஏழு எஞ்சின் தொகுதிகள். எப்படிச் செய்வது என்பது மட்டும் கிடையாது.

இதில் ஒரு கூத்து. கிரையோஜெனிக் எஞ்சினில் ஊற்றுவது மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜன். முன்கூட்டியே ரொப்பி வைக்க முடியாது, ஆவியாகிடும். சண்டைக்கு வர்றவன்கிட்ட "இருப்பா, ஹைட்ரஜன் ரொப்பிட்டு வரேன்"னா சொல்ல முடியும்? :-) ஏவுகணைக்குத் தோதானது திட எரிபொருள். அதில் ஓடுகிற 5000 கி.மீ. அக்னி-5 2012-ல் பறந்தே விட்டது. அவங்க எதுக்கு பயந்தாங்களோ அது நிக்கல. செயற்கைக்கோள் அனுப்ப வேண்டிய எஞ்சின்தான் தள்ளித் தள்ளிப் போச்சு.

1998 பொக்ரான் வெடிப்புக்கு அப்புறம் தடைகள் இன்னும் இறுகின. மாமா ஆபீஸ் பேர் லிஸ்டில் இருந்து எடுபட்டது 2011 ஜனவரியில்.

2010 ஏப்ரல் 15 எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நம்ம ஆளுங்களே செஞ்ச கிரையோஜெனிக் எஞ்சினோட முதல் ராக்கெட். சாயங்காலம் எல்லாரும் டிவி முன்னாடி. கடலில் விழுந்தது. மாமா எழுந்து தோட்டத்துக்குப் போய் வாழைக்குத் தண்ணி விட்டுக்கொண்டே இருந்தார், இருட்டின பிறகும். அது ஒழுங்காகப் பறந்தது 2014 ஜனவரி 5-ல்.

மாமா இப்போ ரிட்டயர்டு. போன வாரம் ஊருக்குப் போனப்போ கேட்டேன்.

"மாமா, உங்க ஆபீஸ் பேரு தடை லிஸ்ட்ல இருந்திச்சு, தெரியுமா?"

"பின்ன தெரியாதா மக்கா? வரணும்னு சொன்ன சாமான் வராது, காயிதம்தான் வரும். பொறவு நாமளே செய்வோம், பொட்டிப் போவும், திரும்பச் செய்வோம்."

"அப்போ தடை போட்டது நல்லதுக்குத்தான்னு சொல்லலாமா? நாமளே படிச்சுக்கிட்டோம்லா?"

இதைத்தானே நாமெல்லாம் பெருமையாச் சொல்லுவோம்? மாமா சிரிக்கவில்லை.

"அப்பிடிச் சொல்லாத. எனக்க கூட சேந்தவன் பலபேரு அது பறக்கதப் பாக்காமலே ரிட்டயர் ஆயிட்டான். காலம் போச்சுல்லா மக்கா."

1991-ல் இருந்து 2014. இருபத்து மூணு வருஷம்.

ராத்திரி அதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். தடை வேலை செய்யாது என்று சொன்னால் பொய். பார்சலை நிறுத்தும், காலத்தைத் தின்னும். ஆனா மண்டையில் இருக்கிறதை நிறுத்தாது. 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி.நாராயணன் நம்ம மேலக்காட்டுவிளைக்காரர். அவர் காரக்பூர் ஐ.ஐ.டி-யில் கிரையோஜெனிக் படிப்பை முடித்தது 1989-ல். ஒப்பந்தத்துக்கே முன்னாடி!

மற்ற இடங்களிலும் இதே கதைதான். வடகொரியா மேல் 2006-ல் ஐ.நா. தடை வந்தது, 2017-ல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை பறந்தது. ஈரானின் ஷாஹெத்-136 ட்ரோன் உக்ரைனில் விழுந்தபோது, பிரித்துப் பார்த்தால் உள்ளே அமெரிக்கக் கம்பெனி சிப்புகள். கடையில் கிடைக்கிற சாதாரண சிப், மூணாவது நாடு வழியா, புதுப் பேரில் ஒரு கம்பெனி. என் புரோகிராம் பேரைத்தான் பார்க்கும். பேரை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?

அதுக்காக லிஸ்டைத் தூக்கிப் போடுன்னு நான் சொல்லல. குடியிருக்கிற வீட்டு மேல விழுற ட்ரோனும் செயற்கைக்கோள் எஞ்சினும் ஒண்ணா? அந்த சிப் ஒரு மாசம் தாமதமாப் போனாலும் லாபம்தான். ஆனா தடையால் வாங்க முடிவது காலம் மட்டும்தான். அந்தக் காலத்தில் உட்கார்ந்து பேசணும். நம்ம விஷயத்தில் அதுதான் நடந்தது. 2008-ல் அணுசக்தி ஒப்பந்தம், 2011-ல் பேர் எடுபட்டது, 2016-ல் அதே எம்.டி.சி.ஆரில் இந்தியாவும் உறுப்பினர். லிஸ்டில் இருந்தவன் லிஸ்ட் போடுகிற பக்கம் வந்துட்டான்.

திங்கட்கிழமை ஆபீஸ் வந்ததும் ஒரு காரியம் செய்தேன். எங்க சிஸ்டத்தில் பேர் ஏறக்குறைய ஒத்துப்போனாலே ஆர்டர் நின்றுவிடும். அப்புறம் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, மாசக்கணக்கில் கிடக்கும். இரண்டு நாளில் ஒரு மனுஷன் பார்த்தே ஆகணும் என்று மாற்றச் சொல்லி டிக்கெட் போட்டேன். மேனேஜர் "இதுக்கு என்ன அவசரம்?" என்றார். மாமா கதையைச் சொல்லவா முடியும்? "காலம் போகுது சார்" என்று மட்டும் சொன்னேன்.

இன்னும் ஓகே ஆகவில்லை. பார்ப்போம்.

டிஸ்கி: மாமாவிடம் எஞ்சின் ரகசியம் எதுவும் கேட்கவில்லை. கேட்டாலும் வாழைக்குலை விலையைத்தான் சொல்லுவார்.