ஃபேக்டர் எட்டு: மேஜைக் குறிப்புகள்

மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரிலிருந்து இன்று ஒரு குப்பி எடுத்தேன். ரீகாம்பினன்ட் ஃபேக்டர் எட்டு, ரத்தம் உறைய உதவும் புரதம். பார்த்தால் வெறும் தண்ணீர். லேபிளில் ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று இருக்கிறது.

*

யார் கையிலும் ஊசி குத்தி எடுத்ததல்ல. சீன வெள்ளெலியின் சூலகச் செல்லுக்குள் மனித ஜீனை வைத்து வளர்த்தது. இன்சுலினைப் பாக்டீரியாவே செய்து கொடுத்துவிடும். ஃபேக்டர் எட்டோ 2,332 அமினோ அமிலங்கள் கோத்த பெரிய புரதம். மேலே சர்க்கரைச் சங்கிலிகளும் ஒட்ட வேண்டும். அதற்குப் பாலூட்டியின் செல்தான் சரி.

*

மறக்கக் கூடாதவை: 37 டிகிரியில் சட்டென்று உருக்கி, உடனே ஐஸில் வைக்கணும். பிளாஸ்டிக் குழாய்தான், கண்ணாடி பட்டாலே பிளாஸ்மா உறையத் தொடங்கிவிடும். மிச்சத்தைத் திரும்ப ஃப்ரீசரில் போடக் கூடாது. போன மாதம் அப்படிப் போட்டு ஒரு குப்பியை வீணாக்கினேன். இன்னும் மனசு ஆறவில்லை.

*

இரண்டு குழாய். இரண்டிலும் ஃபேக்டர் எட்டு இல்லாத பிளாஸ்மா. ஒன்றில் மட்டும் குப்பியிலிருந்து ஒரு துளி. உறைவுத் தூண்டி சேர்த்து, கால்சியம் விட்டதும் ஸ்டாப்வாட்ச். சாய்க்கிறேன், நிமிர்த்துகிறேன். துளி விட்ட குழாயில் 38ஆவது நொடியில் மெல்லிய நூல் ஒன்று ஓடியது; அடுத்த முறை சாய்த்தபோது எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. மற்றது 80 நொடி தாண்டியும் தண்ணீராகவே ஓடிக்கொண்டிருந்தது.

*

அந்த ஓடும் குழாய்தான் ஹீமோஃபிலியா ஏ. விழுந்து அடிபடாமலே முட்டிக்குள் ரத்தம் கசிந்து வீங்கும். ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு. சுமார் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு. நம் பிளாஸ்மா 1 மில்லிலிட்டரில் ஃபேக்டர் எட்டு இருப்பதே 0.1, 0.2 மைக்ரோகிராம்தான். அந்தத் துளியளவு இல்லாததற்கு இவ்வளவு வலி.

*

முன்பு ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்த்து இதைப் பிரித்தெடுத்தார்கள். 1980களில் அதன் வழியே எச்.ஐ.வி.யும் ஹெபடைட்டிஸ் சி.யும் எத்தனையோ வீடுகளுக்குள் போயின. உயிர் காக்க ஏற்றிய மருந்தே உயிரை எடுத்தது. 1984இல் ஜீனைப் பிரித்தெடுத்தார்கள். 1992இல் அமெரிக்காவில் ரீகாம்பினன்ட் ஃபேக்டர் எட்டு மருந்தாக அனுமதி பெற்றது. இந்தக் குப்பியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அந்த மருந்து வருமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர்கள் நினைவுக்கு வருகிறார்கள்.

*

2024 டிசம்பரில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக் குழுவின் ஆய்வு வெளியானது. ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேரின் ரத்தத் தண்டுச் செல்களிலேயே ஃபேக்டர் எட்டு ஜீனைச் சேர்த்து, அவர்களுக்கே திரும்ப ஏற்றினார்கள். கண்காணித்த காலத்தில் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. உடம்பு தானே ஃபேக்டர் சுரக்கிறதா, எவ்வளவு என்று சொல்ல ஏதோ ஒரு மேஜையில் ஒருவர் அளந்துதான் ஆகணும். அந்தக் கை பிசகக் கூடாது.

*

நாளைக்கு: புதுக் குப்பி. வந்தவுடன் சின்னச் சின்னப் பங்காகப் பிரிக்கணும். ஒவ்வொரு அளவும் மூன்று தடவை.