மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு தும்மல்

படாளத்தில் மலை கிடையாது. செங்கல்பட்டு தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் வந்தால் கூட்ரோடு, கூட்டுறவு சர்க்கரை ஆலை, ரயில்வே ஸ்டேஷன், வேடந்தாங்கலுக்குப் பிரியும் ரோடு. சீசனில் பறவை பார்க்க வருகிற மெட்ராஸ்காரர்கள் இங்கே ஒரு டீ அடித்துவிட்டு வலது பக்கம் திரும்பிப் போய்விடுவார்கள். ஊரிலேயே உயரமான பொருள் ஆலையின் புகைபோக்கிதான். அதற்கடுத்து என் அக்காவின் குரல்.

இப்படிப்பட்ட தட்டையான பூமியில் ஒருவர் தன் பிக்கப் வண்டிக்கு, மலை இறக்கத்துக்கான 'எக்ஸாஸ்ட் பிரேக்' மாட்டினார் என்றால், பாலைவனத்தில் கலங்கரை விளக்கம் கட்டிய கதையாக உங்களுக்குத் தோன்றும். மாட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர். காரணம் கேரட்.

மாமாவின் தொழில் இதுதான். கோடையில் மதுராந்தகம் பக்கத்துத் தர்பூசணியை ஏற்றிக்கொண்டு ஊட்டி போவார். வரும்போது கேரட், பீட்ரூட், முட்டைகோஸ். ஏறும்போதும் லோடு, இறங்கும்போதும் லோடு. காலி வண்டி ஓட்டுவது கிடையாது. பி.காம். படித்தவன் என்ற முறையில் இதை நான் எழுந்து நின்று வரவேற்கிறேன். சமவெளி டிரிப்புகளில் வருகிற காசு டீசலுக்கும் டோல்கேட்டுக்கும் சரியாக இருக்கும். ஃபைனான்ஸ் தவணையைக் கட்டுவது இந்த மலை டிரிப்புதான்.

போன வருஷம் குன்னூரிலிருந்து இறங்கும்போது, பர்லியாறுக்குக் கொஞ்சம் மேலே, பிரேக் பெடல் பஞ்சுத் தலையணை மாதிரி உள்ளே போயிருக்கிறது. கருகின வாசனை. மாமா கியரை அடித்து அடித்துக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து, மலைப் பக்கத்து ஓடையில் ஒரு சக்கரத்தை இறக்கி நிறுத்திவிட்டார். ஒரு மணி நேரம் ஆறவிட்டுவிட்டு மெதுவாக வந்து சேர்ந்தார். வீட்டில் மூச்சு விடவில்லை. ஆனால் வண்டியில் கிளீனர் பையன் என்று ஒருவன் இருக்கிறானே! அவன் சம்பளம் வாங்குவது மாமாவிடம், சாப்பாடு அக்கா கையில். விசுவாசம் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

"இனிமே மலைப் பக்கம் வண்டி போச்சுன்னா, அப்படியே அங்கயே ஒரு வீடு பார்த்துக்கச் சொல்லு" என்றாள் அக்கா. என்னிடம்தான் சொன்னாள். மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அக்கா சொல்வதில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். லோடோடு மாமா வண்டி ஏறக்குறைய 3 டன். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு உயர வித்தியாசம் சுமார் ஒன்றரை கிலோ மீட்டர். இந்த எடை இந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளியாகும் சக்தி, கரண்ட் கணக்கில் சொன்னால் 12 யூனிட். ஒன்றரை மணி நேரத்தில் இறங்கினால், இறங்கும் நேரம் பூராவும் எட்டு அயர்ன் பாக்ஸ் எரிகிற சூடு. சக்கரத்துக்கு இரண்டு! டயர், எதிர்க்காற்று, எஞ்சின் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் தின்றது போக மீதியைப் பிரேக்குதான் தின்றாக வேண்டும். அது லைனரைச் சுட்டு, டிரம்மைச் சுட்டு, கடைசியில் பிரேக் ஆயிலைக் கொதிக்க வைக்கும். டாட்-3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை தாங்க வேண்டும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் ஜாதி. ஈரம் கோத்த பிறகு 140 டிகிரியே அதற்குத் திண்டாட்டம். கொதித்தால் ஆவி. ஆவியை மிதித்தால் அமுங்கும், அவ்வளவுதான். பிரேக் பிடிக்காது. மாமா மிதித்த தலையணை அதுதான்.

"எஞ்சின் பிடிக்காதா? கியர்ல விட்டா வண்டி நிக்குமே?" என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் ஓட்டுவது பெட்ரோல் கார். பெட்ரோல் எஞ்சினில் ஆக்ஸிலரேட்டரை விட்டதும் காற்று வரும் வழியை ஒரு தட்டு அடைத்துக்கொள்ளும். எஞ்சின் மூச்சுக்குத் திணறும், அதனால் வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசல் எஞ்சினுக்கு அப்படி மூச்சை அடைக்கிற வழக்கம் கிடையாது. காற்றை இஷ்டத்துக்கு உள்ளே இழுக்கும், அமுக்கும், அமுங்கின காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திருப்பித் தள்ளிவிடும். வாங்கின கடனை உடனே திருப்பிக் கொடுக்கிற ரொம்ப நேர்மையான எஞ்சின். அதனால்தான் இறக்கத்தில் பிடிமானம் கம்மி.

இந்த நேர்மையைக் கெடுப்பதுதான் எக்ஸாஸ்ட் பிரேக். சைலன்சருக்குப் போகும் குழாயில், டர்போவுக்குப் பின்னால், வட்டமாக ஒரு தகட்டை வைத்து மூடிவிடுகிறார்கள். சைக்கிள் பம்ப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அடித்துப் பாருங்கள், தெரியும். வெளியே போக முடியாத காற்றை எதிர்த்துப் பிஸ்டன் தள்ள, எஞ்சின் திணற, கியர் வழியாகப் பின் சக்கரம் மெதுவாகும். மூக்கைப் பொத்திக்கொண்டு தும்முவதுபோல என்று எங்கள் மெக்கானிக் அண்ணன் விளக்கினார். பொத்திக்கொண்டு காட்டவும் செய்தார்.

பெரிய லாரிகளிலும் மலை பஸ்களிலும் இது கம்பெனியிலேயே வருகிற சமாச்சாரம். இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் அமெரிக்காவில் இருக்கிறார். 1931-ல் கிளெஸ்ஸி கம்மின்ஸ் என்பவர் (கம்மின்ஸ் எஞ்சின் கேள்விப்பட்டிருப்பீர்களே, அவரேதான்) தன் டீசல் எஞ்சினின் பெருமையை ஊருக்குக் காட்ட, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸுக்கு லாரியில் கிளம்பினார். கலிபோர்னியாவில் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விட்டது. கீழே ரயில்வே கேட், அதில் கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருக்கிறது. மயிரிழையில் முந்திக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினார்கள். அந்தப் பயம் அவருக்கு ரிடையர் ஆன பிறகும் போகவில்லை. அமுங்கின காற்று பிஸ்டனைத் திருப்பித் தள்ளுவதற்குள் வால்வைத் திறந்து அதை வெளியே விட்டுவிடுகிற எஞ்சின் பிரேக்கைக் கண்டுபிடித்தார். ஜேக்கப்ஸ் கம்பெனி அதை 1961-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு பயத்தை முப்பது வருஷம் பாதுகாத்து வைத்திருந்திருக்கிறார். எங்கள் மாமாவின் பயம் பதினைந்து நாள்தான் தாங்கியது. மறுபடி ஊட்டிக்கு லோடு பேசிவிட்டார்.

அக்கா விடவில்லை. தொப்பூரை எடுத்தாள். பெங்களூர் - சேலம் ரோட்டில் தர்மபுரி தாண்டி வரும் அந்தக் கணவாய் இறக்கத்தைப் படாளத்தில் உட்கார்ந்தபடியே எனக்குப் பாடம் எடுத்தாள். 2020 டிசம்பரில் ஒரு லாரி, டிராபிக்கில் நின்றிருந்த வண்டிகள் மேல் வரிசையாக மோதி நாலு பேர் போனது, 2024 ஜனவரியில் மறுபடி நாலு பேர். "டீசல் மிச்சம் புடிக்கறேன்னு நியூட்ரல்ல வுடுறானுங்களாம்" என்றாள். உண்மைதான். போலீஸ் போர்டு வைத்து, மைக் வைத்துச் சொல்லியும் சிலர் கேட்பதில்லை. நியூட்ரலில் விட்டால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் விவாகரத்து. அப்புறம் எந்த எக்ஸாஸ்ட் பிரேக் மாட்டி என்ன!

கடைசியில் சமாதானம் ஏற்பட்டது. பிரேக் மாட்டினால் மலைக்குப் போகலாம். அதுவும் அக்கா சொல்கிற கியரில்.

புதுப்பேட்டைக்கு நானும் போனேன். சென்னையில் பழைய வண்டிகள் பிரிந்து போய், பாகம் பாகமாக மறுபிறவி எடுக்கிற இடம். அரை நாள் அலைந்து, ஒரு சின்ன லாரியிலிருந்து கழற்றிய வால்வு கிடைத்தது. அதன் தகட்டில் ஒரு சிறிய ஓட்டை இருந்தது. "ஓட்டைப் பொருளைக் குடுக்கிறான், வெல்டிங் வச்சு அடைச்சிடலாம் அண்ணே" என்றார் மாமா. மெக்கானிக் அண்ணன் வால்வைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அந்த ஓட்டைதான்பா உன் எஞ்சினுக்கு ஆயுசு. அதை அடைச்சா பிரஷர் ஏறி, மூடியிருக்கிற எக்ஸாஸ்ட் வால்வையே தள்ளித் திறந்துடும். பிஸ்டன் வந்து வால்வுல முட்டும். மேனிஃபோல்டு கேஸ்கட் பூட்டுக்கும். டர்போ சீல் போயிடும்." மாமா ஓட்டையைக் கோயில் விபூதித் தட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

வேலை இரண்டு நாள் ஆனது. குழாயை அறுத்து பிளேன்ஜ் வைத்து வால்வை உட்கார வைப்பது ஒரு மதிய நேர வேலைதான். மீதி எல்லாம் அதை எப்போது மூடுவது, எப்போது மூடக் கூடாது என்பது. பெரிய லாரியில் காற்று பிரேக், அதனால் இந்த வால்வைத் தள்ளவும் காற்று இருக்கும். பிக்கப்பில் காற்று டாங்கி கிடையாது. பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வாக்குவத்தை ஒரு சின்ன பம்ப் கொடுக்கிறது. அதிலிருந்துதான் இதற்கும் எடுக்க வேண்டும். "இதுல ஒரு லீக் ஆச்சுன்னா, இருக்கிற பிரேக்கும் கட்டையா போயிடும்" என்று அண்ணன் தனியாக ஒரு சிறிய டாங்கியும், ஒருவழி வால்வும் வைத்தார். இந்த ஒரு காரியத்துக்காகவே அவர் கேட்ட கூலியில் பேரம் பேசக் கூடாது என்று நான் மாமாவைத் தடுத்துவிட்டேன்.

பிறகு மூன்று சுவிட்ச். டேஷ்போர்டில் ஒன்று. ஆக்ஸிலரேட்டரில் ஒன்று, கால் வைத்தால் வால்வு திறந்துவிடும். கிளட்ச்சில் ஒன்று, கிளட்ச்சை மிதித்தாலும் திறந்துவிடும். இல்லையென்றால் கிளட்ச் மிதித்ததும் எஞ்சின் ஆஃப். வயர் அறுந்தாலும் ஸ்பிரிங் இழுத்துத் தகடு திறந்தே நிற்கும்படி வைத்தார். "2020-க்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 வண்டின்னா நான் கை வைக்க மாட்டேன். அந்தக் குழாய்ல ஃபில்டர், சென்சர்னு ஆஸ்பத்திரியே இருக்கு" என்றார். மாமாவுடையது 2016 மாடல்.

சட்டம் என் டிபார்ட்மென்ட். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் வித்தியாசம் வருகிற மாதிரி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. எட்டு வருஷம் தாண்டிய வண்டி என்பதால் எஃப்.சி. வருஷா வருஷம். "எஃப்.சி.க்குப் போறப்ப கழட்டிடு, வந்ததும் மாட்டிக்க" என்று டீக்கடையில் ஒருவர் இலவச ஆலோசனை கொடுத்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகி, இன்ஷூரன்ஸ்காரர் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தால் யார் பதில் சொல்வது? ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் இன்ஷூரன்சுக்கும் இன்ன பாகம், இன்ன காரணம் என்று இரண்டு கடிதம் எழுதி, முத்திரையோடு நகல் வாங்கி வைத்த பிறகுதான் வண்டி வெளியே போனது.

முதல் மலை டிரிப்பில் நானும் போனேன். ("நீ கூடப் போ" என்பது அக்காவின் உத்தரவு.) குன்னூர் தாண்டி, செகண்ட் கியரில் மாமா சுவிட்சைத் தட்டினார். அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். அவ்வளவுதான் சத்தம். வண்டியின் சட்டையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்தாற்போல் இருந்தது. ஆர்.பி.எம். மேலே இருக்கிறவரைதான் இந்தப் பிடி, குறைந்தால் தளர்ந்துவிடும். வண்டியை இது நிறுத்தாது. வளைவுகளில் மாமா பெடலை லேசாகத் தொட்டுக்கொண்டார், மற்ற நேரமெல்லாம் கால் சும்மாதான் இருந்தது. பதினாலு கொண்டை ஊசி வளைவும் முடிந்து, கீழே இறங்கி டிரம் பக்கம் புறங்கையைக் கொண்டுபோனேன். சுட்டது. எடுக்காமல் வைத்திருக்க முடிந்தது.

இரண்டாவது டிரிப்பில்தான் வினையே. நல்ல பிடிமானம் என்று கண்டதும் மாமாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. "தேர்டுலயே போலாம் மச்சான், அதான் புடிக்குதில்ல?" என்று கியரில் கை வைத்தார். தூறல் வேறு. இந்த பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும், லோடு குறைவாக இருந்து ரோடும் நனைந்திருந்தால் பின்பக்கம் நடனமாடும் என்று மெக்கானிக் அண்ணன் தலை தலையாக அடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் நடுவில் உட்கார்ந்திருந்த கிளீனர் பையன் சொன்னான்:

"அண்ணே, அக்கா செகண்டுன்னு சொன்னாங்க."

மாமா அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

அடுத்த ஆபத்தை அக்காவே கண்டுபிடித்தாள். புது பிரேக் இருக்கிற தைரியத்தில் இன்னும் நாலு மூட்டை ஏற்றினால், எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆகையால் வீட்டில் ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். தேதி, லோடு, எடை மேடைச் சீட்டு, பிரேக் ஆயில் மாற்றின நாள். கடைசிக் கலம் கிளீனர் பையனின் வாக்குமூலம்.

போன வாரம் மாமா நடுராத்திரி வந்து இறங்கி, கால் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து குரல் வந்தது. "சாப்பாடு மூடி வச்சிருக்கேன். எடைச் சீட்டை டி.வி. மேல வச்சிட்டு சாப்பிடுங்க."

மாமா சட்டைப் பையைத் தடவினார்.

"வண்டியில இருக்கு" என்றார்.

"எடுத்துக்கினு வாங்க."

போனார்.