ஸ்டார்ட் பட்டன் இல்லாத ஜாய்ஸ்டிக்

எங்கள் வீட்டு டிவி கேமுக்கு இரண்டு ஜாய்ஸ்டிக். முதலாவதில் நடுவே ஸ்டார்ட், செலக்ட் என்று இரண்டு ரப்பர் பட்டன்கள். இரண்டாவதில் அந்த இடம் வழுவழுவென்று வெறுமையாக இருக்கும். தம்பிக்கு எப்போதும் அந்த இரண்டாவதுதான். என்னைவிட நான்கு வயது இளையவன். தாகம் எடுத்தாலும் அம்மா கூப்பிட்டாலும் ஆட்டத்தை அவனால் நிறுத்த முடியாது. "அண்ணே, நிறுத்துண்ணே, ஒரு நிமிஷம்ணே" என்று என்னிடம்தான் கேட்க வேண்டும். பல நேரம் நான் நிறுத்தியதில்லை. இன்று நினைத்தால் வலிக்கிறது.

1996 கோடை விடுமுறை. திண்டுக்கல் நாகல் நகரில் வாடகை வீடு. சென்னைக்குப் போன அப்பா பர்மா பஜாரில் அந்த மெஷினை வாங்கி வந்தார். ஜப்பானில் 1983-இல் நின்டெண்டோ கொண்டுவந்த ஃபேமிகாமின் நகல் அது என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. ஊரில் அதற்குப் பெயர் டிவி கேம், உள்ளே சொருகுவது கேசட், அவ்வளவுதான். வெகுகாலம் கழித்து ஒன்று படித்தேன். அசல் ஜப்பான் மெஷினிலும் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட் பட்டன் கிடையாதாம். அதற்குப் பதில் ஒரு சின்ன மைக்கை வைத்திருந்தார்கள். இரண்டாவது ஆளுக்குக் கிடைத்தது குரல் மட்டும். என் தம்பியிடமும் அது ஒன்றுதான் இருந்தது.

நாங்கள் அதிகம் ஆடியது கான்ட்ரா. ஆளுக்கு மூன்று லைஃப். மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ என்று தொடக்கத்திலேயே அழுத்தினால் முப்பது. அந்த வரிசையை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எதிர்வீட்டு அண்ணன். பெருக்கல் வாய்ப்பாட்டைவிட வேகமாக அது மனதில் ஏறியது, இன்றும் விரல் மறக்கவில்லை. ஆனால் கான்ட்ராவில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த முப்பது அல்ல. ஒருவனுடைய லைஃப் எல்லாம் தீர்ந்துவிட்டால், அடுத்தவனிடம் மிச்சம் இருப்பதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே குதிக்கலாம். தம்பி என்னைக் கேட்காமலே எடுத்துவிடுவான். நான் கத்துவேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்ப்பான். என்னிடம் தீர்ந்த நாள்களில் மட்டும் அவனே, "என்னோடத எடுத்துக்கண்ணே" என்பான்.

மூன்றாவது ஸ்டேஜ் அருவி. மேலே மேலே தாவி ஏற வேண்டும். திரை மேலே நகர நகரக் கீழே தங்கியவன் செத்துப்போவான். சுடுவதில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் அங்கே உதவாது. முன்னால் போகிறவன் ஒரு பாறையில் நின்று, பின்னால் வருகிறவன் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். முதல் சில வாரம் நான் காத்திருக்கவில்லை. பிறகு எப்போது கற்றுக்கொண்டேன் என்று நினைவில்லை. "வாடா, வந்துட்டியா, இப்ப தாவு" என்று சொல்லிச் சொல்லி ஏறியது நினைவிருக்கிறது. அவன் முழங்கால் என் தொடையில் இடித்துக்கொண்டே இருக்கும். தாவும்போதெல்லாம் ஜாய்ஸ்டிக்கோடு சேர்ந்து அவன் தோளும் மேலே எழும்பும். அடாப்டர் சூடேறிய வாசனை வரும்வரை ஆடுவோம். கரண்ட் போனால் எல்லாம் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இப்போது என் வீட்டில் பிஎஸ் 5 இருக்கிறது. பழைய ஆட்டங்கள்தான் உயர்ந்தவை என்று நான் சொல்லமாட்டேன். 2013-இல் வந்த 'பிரதர்ஸ்' என்ற ஆட்டத்தைச் சில வருடங்களுக்கு முன் ஓர் இரவில் தனியாக ஆடி முடித்தேன். அதில் ஒரே கன்ட்ரோலரின் இடது பக்கம் அண்ணன், வலது பக்கம் தம்பி. தண்ணீருக்குப் பயந்த தம்பியை அண்ணன் முதுகில் சுமந்து நீந்துவான். கடைசியில் அண்ணன் இல்லை, ஆறு குறுக்கே கிடக்கிறது. அதுவரை அண்ணனுக்கென்று இருந்த பட்டனை அழுத்தினால்தான் தம்பி தண்ணீரில் இறங்குவான். அந்த இடத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். கான்ட்ராவால் இப்படிச் செய்திருக்க முடியாது.

ஆனால் ஆடத் தொடங்குவதே இன்று பெரும்பாடு. மகள் தூங்கியபின் எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம். போன வாரம் ஒன்பதரைக்கு உட்கார்ந்தேன். அப்டேட் வேண்டும் என்றது. அது இறங்க இடம் போதவில்லை என்றது. பாதி ஆடிய வேறொரு கேமை அழித்து இடம் கொடுத்தேன். இறங்கி முடிந்ததும் பாஸ்வேர்ட் கேட்டது. தனியாக ஆடும் கேமுக்கு யாரிடம் அனுமதி வாங்குகிறேன் என்று எனக்குப் புரியவில்லை. பத்தேமுக்காலுக்கு அணைத்துவிட்டுப் படுத்தேன். கேசட்டைச் சொருகி சுவிட்சைத் தள்ளினால், கையை எடுப்பதற்குள் இசை கேட்ட காலம் ஒன்று இருந்தது.

இதையாவது பொறுத்துக்கொள்வேன். எனக்கு ஆறாதது, பக்கத்து இடம் காலியாகப் போனது. கான்ட்ராவில் இரண்டு பேரும் ஒரே படத்துக்குள் நிற்பார்கள். முப்பரிமாணம் வந்தபின் ஆளுக்கொரு பார்வை தேவைப்பட்டது. திரையை இரண்டாக வெட்டினால், மெஷின் அதே நொடிக்குள் உலகத்தை இரண்டு முறை வரைய வேண்டும். சுமைதான், ஆனாலும் செய்தார்கள். 1997-இல் வந்த 'கோல்டன் ஐ' நான்கு பேரை ஒரே டிவியில் ஆடவைத்தது. மெஷின்கள் பலமடங்கு வலுவானபின் இந்த வழக்கம் தேய்ந்தது. ஒரே சோபாவில் இருவர் உட்கார்ந்து ஆடிய ஆட்டம் என்று பேர்பெற்ற 'ஹேலோ' வரிசையில்கூட, 'ஹேலோ இன்ஃபினிட்' கதையை ஒரே டிவியில் இருவர் ஆட வழி வராது என்று 2022-இல் அறிவித்துவிட்டார்கள். ஆளுக்கொரு மெஷின், ஆளுக்கொரு கேம், ஆளுக்கொரு சந்தா என்றாகிவிட்டது. படம் அழகாக வேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் இருந்தவனை எழுப்பி அனுப்பியது தவறு என்றே நினைக்கிறேன்.

தம்பி இப்போது மஸ்கட்டில். வியாழன் இரவுகளில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஆடுவோம். எங்கள் கடிகாரத்துக்கும் அவனுடையதற்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். குரல் தெளிவாகவே கேட்கிறது. அவன் சிரிப்பது கேட்கிறது, அவன் வீட்டு ஏசி ஓடுவதுகூடக் கேட்கிறது. ஆனால் தாவும்போது அவன் தோள் எழும்புகிறதா என்று தெரியவில்லை. அவன் களைத்துவிட்டால் எனக்கு முன்பெல்லாம் சொல்லாமலே தெரியும். இப்போது, "சரிண்ணே, போதும்ணே" என்று அவன் சொன்னால்தான் தெரிகிறது. பழைய ஸ்டார்ட்டுக்குப் பதிலாக வந்த ஆப்ஷன்ஸ் பட்டன் இன்று அவன் கையிலும் இருக்கிறது. ஆன்லைனில் அதை அழுத்தினால் ஆட்டம் நிற்பதில்லை. இருவரில் யாராலும் நிறுத்த முடியாது.

போன மே மாதம் இருபது நாள் லீவில் வந்தான். அதற்கென்றே இரண்டாவது கன்ட்ரோலர் வாங்கினேன், ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய். 'பிரதர்ஸ்' எடுத்த ஜோசப் ஃபாரெஸே 2021-இல் கொண்டுவந்த 'இட் டேக்ஸ் டூ'வையும் வாங்கினேன். அதைத் தனியாக ஆடவே முடியாது. பிரியப் போகும் கணவனும் மனைவியும் பொம்மைகளாகச் சுருங்கி வீடு திரும்புகிற கதை. தொடக்கத்தில் ஒருவர் கையில் ஆணி, இன்னொருவர் கையில் சுத்தியல். இவர் சுவரில் ஆணியை எறிந்தால்தான் அவர் அதில் சுத்தியலை மாட்டி ஊசலாடிக் கடக்கலாம். தம்பி ஆணி, நான் சுத்தியல். முதல் நாள் நான் பத்துத் தடவை விழுந்தேன். "இருண்ணே, அவசரப்படாத, நான் சொன்னப்புறம் தாவு" என்றான். அருவியில் நான் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். அவனுக்கு நினைவிருந்ததா என்று கேட்கவில்லை. அவன் முழங்கால் என் தொடையில் இடித்துக்கொண்டிருந்தது.

பனி உருண்டைக்குள் நடக்கும் பகுதிவரை வந்திருந்தோம். மறுநாள் விடியற்காலை விமானம். மிச்சத்தை ஆன்லைனில் தொடரலாம், அதற்கு வழி இருக்கிறது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான்.

"வேண்டாம்ணே. அப்படியே இருக்கட்டும். அடுத்த லீவுக்கு வந்து முடிப்போம்."

ஆப்ஷன்ஸ் பட்டனை அழுத்திவிட்டு எழுந்து போனான். இடம் போதவில்லை என்று மெஷின் எத்தனையோ முறை கேட்டுவிட்டது. அந்தக் கேமை மட்டும் நான் அழிக்கவில்லை.