'மெதுவாக' என்ற சொல்

ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவரைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். டீக்கடையில் காசு கொடுக்கும் முன், பத்து ரூபாய்த் தாளை மெதுவாக நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொள்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'வேலை அவரை விட்டுவிட்டது, அவர்தான் வேலையை விடவில்லை' என்று அடுத்த வரியையும் எழுதினேன். எனக்கு ரொம்பப் பிடித்த வரி. படித்துப் பார்த்த மனைவி அங்கே விரலை வைத்து, "இது நீங்க பேசறது. அவரு பாட்டுக்கு டீ குடிச்சிட்டிருக்காரு" என்றாள்.

பல நாள் அதை அடிக்க மனம் வரவில்லை. ஆசிரியர் கதைக்குள் பேசக் கூடாதா என்ன? 'பொன்னகரம்' கதையின் முடிவில் புதுமைப்பித்தன் நம்மை நேருக்கு நேர் பார்த்தே பேசுகிறார். கதையின் நாயகி அம்மாளு காசுக்காக ஒருவனோடு சந்துக்குள் போன பிறகு அவரால் சும்மா இருக்க முடியவில்லை. ஆனால் ஆரம்பத்திலிருந்தே ஏளனமும் கோபமுமாக நம்மோடு பேசிவந்த அதே குரல்தான் அது. கடைசியில் கொதித்துவிடுகிறது, அவ்வளவுதான். நானோ இரண்டு பக்கம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ஓர் அழகான வரிக்காக மட்டும் தலையை நீட்டியிருந்தேன்.

அசோகமித்திரன் போன வழி வேறு. 'புலிக்கலைஞன்' சினிமா ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் ஒருவர் சொல்கிற கதை. டிபன் இடைவேளை, ஆபீஸ் நேரம் என்று சாவகாசமாக ஆரம்பிக்கிறது. வாய்ப்புக் கேட்டு வந்த காதர் புலியாகவே மாறிப் பாயும்போதுகூடச் சொல்பவரின் குரல் உயர்வதில்லை. ஆனால் அந்தச் சாவகாசத்தை முன்னால் வைத்தது யார்? சம்பளத்தோடு பொழுதுபோக்கும் அறைக்குள் வேலைக்கு அலைகிற ஒருவரை நடக்கவிட்டது யார்? எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அந்த ஆரம்பத்தில் அவர் எடுத்த முடிவு ஒவ்வொரு முறையும் என்னை அசத்துகிறது.

வரியை அடித்துவிட்டேன். அப்புறமும் அந்த இடம் உறுத்தியது. சத்தமாக வாசித்தபோதுதான் பிடிபட்டது: 'மெதுவாக.' முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி தாள் மடித்த கை, பார்க்காமலே நொடியில் மடிக்கும். அந்த 'மெதுவாக' அவர்மேல் எனக்கிருந்த இரக்கம். அதையும் எடுத்துவிட்டேன். இப்போது அவர் டீ மாஸ்டரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே மடிக்கிறார்.