செங்கல் கோட்டையும் செஞ்சிக் கோட்டையும்

"உங்கள் ஊரில் கோட்டை உண்டா?"

மால்போர்க் வந்த முதல் குளிர்காலத்தில் வீட்டுக்காரம்மா இப்படிக் கேட்டார். போலந்தின் வடக்கே, நோகாத் ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர் இது. ஊரைவிடப் பெரியது போலத் தோன்றும் செங்கல் கோட்டை எங்கள் ஜன்னலிலிருந்தே தெரியும்.

நான் திண்டிவனத்துக்காரன். செஞ்சி 30 கிலோமீட்டருக்குள். "உண்டு" என்றேன். யார் கட்டியது என்று அடுத்துக் கேட்டார். பதில் வரவில்லை. கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை போகும் பஸ்ஸில், செஞ்சியின் ராஜகிரி மலையைக் காட்டி ஆயா சொன்ன தேசிங்கு ராஜா கதைதான் எனக்குத் தெரிந்த செஞ்சி.

அந்த அம்மா தன் ஊர்க் கோட்டையைப் பற்றிச் சொன்னார். கட்டியவர்கள் ஜெர்மானிய வீரத் துறவிகள். கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் போனதால், 1457இல் அந்தப் படையாட்களே கோட்டையைப் போலந்து ராஜாவுக்கு விற்றுவிட்டார்கள். பிறகு பிரஷ்யா பிடித்தது. 1945 போரில் பாதிக்குமேல் இடிந்தது. ஊரிலிருந்த ஜெர்மானியர்கள் போனார்கள். கிழக்கே வீடு வாசலை இழந்த போலந்துக்காரர்கள் வந்து குடியேறினார்கள். அவருடைய பெற்றோரும் அப்படி வந்தவர்கள்தான். "எங்கள் தாத்தா கட்டியதல்ல. ஆனால் இடிந்ததை எடுத்துக் கட்டியது நாங்கள்" என்றார்.

அன்றிரவுதான் செஞ்சியைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன். ஆனந்தக் கோன் தொடங்கியது என்பது மரபு. பிறகு நாயக்கர்கள், 1649இல் பீஜப்பூர், 1677இல் சிவாஜி. அவர் மகன் ராஜாராம் உள்ளேயிருக்க, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை வெளியே காத்துக் கிடந்தது. எட்டு வருஷ முற்றுகை! அந்த மலையைப் பார்த்தவர்களுக்கு அது வியப்பாக இருக்காது. 1714இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்துத் தேசிங்கு மாண்டான். செட்டிக்குளத்தங்கரையில் எரியூட்டினார்கள், ராணியும் தீப்பாய்ந்தாள் என்பார்கள். அவனை வென்ற சாதத்துல்லா கானின் பள்ளிவாசலும் வெங்கடரமணர் கோயிலும் ஒரே கோட்டைக்குள் நிற்கின்றன. கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே கல்தூண்கள், அவை செஞ்சியிலிருந்து போனவை. அந்தத் தூணில் சாய்ந்து நான் படம் எடுத்திருக்கிறேன், அது தெரியாமலே.

மால்போர்க் 1997இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. செஞ்சி 2025 ஜூலையில், மராத்தியக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் சேர்ந்தது. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில். செய்தி வந்த அன்று வீட்டுக்காரம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். இந்த முறை ஆனந்தக் கோனில் தொடங்கினேன்.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைச் செஞ்சிக்கு அழைத்துப் போங்கள். வெயில் ஏறுமுன் ராஜகிரியில் ஏறுங்கள். தேசிங்கு கதையோடு நிறுத்தாமல், கட்டியவர் பெயரையும் சொல்லிக்கொடுங்கள்.